டேங்க்கின் மேல் உட்கார்ந்து தஞ்சாவூர் வரை

கோயில் பார்க்க நான் தஞ்சாவூர் போகவில்லை. என் மகன் செல்வத்துக்கு ஒரு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது எங்கள் பழைய காரின் இன்ஜினில் இருந்தது. அது ஓடித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தால் வேலை உண்டு. வழியில் படுத்துவிட்டால் இல்லை. அதற்காகத்தான் போனேன்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினவள் நான். காரை வாங்கினது என் வீட்டுக்காரர். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் கேட்பாரில்லாமல் கிடந்தது. இன்ஜினைக் கழற்றிப் படகில் வைக்கலாம் என்று வாங்கினார். கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். அதோடு சரி, கழற்ற மனசு வரவில்லை. சுனாமி அலை வந்த வருஷம் வண்டி கீழ்வேளூரில் அவருடைய கூட்டாளியின் வைக்கோல் கொட்டகையில் நின்றதால் தப்பியது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு செல்வம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான். மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவனுக்கு ஊரில் வேலை அமையவில்லை.

தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் முதலாளி அந்தக் காரைக் கேட்டார். ஓடுகிற வண்டியாக இருந்தால் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக்காட்ட வைத்துக்கொள்வாராம், செல்வமே டிரைவர், தங்க அறையும் உண்டு. ஓடாத வண்டியாக இருந்தால் இன்ஜினை எடுத்துவிட்டு, உள்ளே மண்ணைக் கொட்டிப் பூச்செடி வைத்து வாசலில் நிறுத்துவாராம். எது என்று சொல்ல ஒரு ஆளை அனுப்பினார்.

வந்தவர் பெயர் கலியமூர்த்தி. குடவாசல் பக்கம் சொந்த ஊர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு பேனா போதாதவர்களை எனக்கு நம்பத் தோன்றுவதில்லை.

வந்ததும் வராததுமாகக் காரின் முன்பக்கம் ரேடியேட்டரில் இருந்த தண்ணீரை எல்லாம் தரையில் விட்டார். சிவப்பாக ஓடியது.

"இது எங்க புடிச்ச தண்ணிங்க?"

"எங்க வூட்டு பைப்புல."

"உப்பும்மா. உள்ள படிஞ்சுதுன்னா அடைச்சுக்கும். நல்ல தண்ணியா வேணும்."

நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்துக் காருக்கு ஊற்றினார். வீட்டுக்கு வந்த மருமகனுக்குக்கூட அதில் பாதிதான் கொடுப்போம்.

பிறகு செல்வத்துக்கு விளக்கிச் சொன்னார், நானும் கேட்டேன். இந்தக் காலத்துக் காரில் தண்ணீரைத் தள்ள ஒரு பம்பு இருக்கும், பெட்ரோலை இழுக்க ஒரு பம்பு இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறினது கீழே இறங்கி இன்ஜினுக்கு வரும். பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அங்கிருந்து தானாக வடிந்து இன்ஜினுக்குப் போகவேண்டும். தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறதா, பெட்ரோல் விடாமல் வருகிறதா, இவை இரண்டையும்தான் அவர் சோதிக்கப்போகிறார்.

இதுவரை சரி. கொஞ்ச நேரத்தில் தென்னை மரத்தடியில் நின்று போனில் பேசினார். கருவாடு காயவைத்த பாயைத் திருப்பிப் போடுகிற சாக்கில் நான் பக்கத்தில் போனேன்.

"ஆமாம் சார். நல்ல வெயில்ல வச்சுக் கொதிக்குதான்னு பாத்துடறேன் சார். நிக்கிற வரைக்கும் விடமாட்டேன்" என்றார்.

கொதிக்க வைக்கப்போகிறான், நிறுத்தப்போகிறான் என்று எனக்குப் பட்டது. செல்வத்திடம் சொன்னேன்.

"சோதன பண்றதுன்னா அப்படித்தாம்மா. சும்மா இரு" என்றான்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"நான் தஞ்சாவூரு பாத்ததில்ல."

கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கரையில் டீசல் கேன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்வது. மூடிக்கு மேலே பாலித்தீனை நாலாக மடித்துப் போர்த்தி, வலை பின்னுகிற நைலான் நரம்பால் இறுக்கிக் கட்டிவிடுவோம். கடல் தண்ணீர் உள்ளே போகாது, எவனாவது திறந்து டீசலை எடுத்தாலும், எதையாவது கலந்தாலும் தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. எங்கள் வீட்டு முடிச்சை அடுத்த வீட்டுக்காரன் போட முடியாது. முன் சீட்டு மெத்தையைத் தூக்கி, டேங்க் மூடிக்கு அப்படியே கட்டினேன். மெத்தையைப் போட்டு மேலே நான் உட்கார்ந்துகொண்டேன். செல்வத்துக்கே சொல்லவில்லை.

வேளாங்கண்ணியைத் தாண்டுவதே பெரும்பாடு. மொட்டைத் தலைகளும் மெழுகுவர்த்தியுமாக ரோடு நிறையச் சனம். கார் மெதுவாகப் போனதும் யாரோ ஒருவர் குழந்தையைப் பக்கத்துப் படியில் ஏற்றிவிட்டுப் போட்டோ எடுக்க ஆரம்பித்தார். "இறக்குய்யா, ஓடுற வண்டி" என்று கத்தினேன். "பாட்டியும் போட்டோல இருக்கட்டும்" என்றார் அவர்.

கலியமூர்த்தி பின் சீட்டில் இருந்தார். ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஒயரை விட்டு, மறுமுனையைப் பின்னால் இழுத்து, எண் காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தார். தண்ணீரின் சூடு அதில் தெரியும், நூறைத் தொட்டால் கொதிக்கும் என்றார். பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"அத இங்க குடுங்க சார். நான் புடிக்கிறேன்."

"படிச்சுச் சொல்வீங்களா?"

எழுத்து என்றால் எனக்குத் திணறும். பஸ் போர்டையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். எண் திணறாது. "மீன் வித்தவ சார் நான். தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்கா தெரியாது?" என்றேன். கொடுத்தார். எழுபத்தாறு.

கீழ்வேளூரில் டீக்கு நிறுத்தினோம். கூடை இல்லாமல் நான் அந்த ஊருக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற தனம் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, மீனு இப்ப கார்லயா வருது?"

"ஆமாடி. சுறா வந்திருக்கு. பின்னாடி உக்காந்திருக்கு பாரு."

கலியமூர்த்தி டீயை ஊதி ஊதிக் குடித்தார். கோபப்படாத மனுஷனையும் நான் நம்புவதில்லை.

அதற்கப்பால் எனக்கு அந்நிய தேசம். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர் என்றால் இங்கே எட்டின வரை நெல். சம்பா அறுப்பு நேரம். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் கல் வைத்திருந்தார்கள். நாங்கள் மீனைக் காயவைத்தால் காக்காயை விரட்டுவோம், இவர்கள் பஸ்ஸை விரட்டுகிறார்கள். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல் குவியல் குவியலாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பக்கத்தில் கட்டில் போட்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். எடை போடும் வரை இடத்தைவிட்டு நகரமாட்டார்களாம். சந்தேகப்படத் தெரிந்த ஊர்தான் என்று ஒரு மரியாதை வந்தது.

ஒரு அறுவடை மிஷின் எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பதரும் தூசியும் பறந்து வந்து எங்கள் ரேடியேட்டரின் கண்களில் எல்லாம் அடைத்துக்கொண்டது. பெட்டியில் எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பதரை எல்லாம் தட்டினார் கலியமூர்த்தி. நல்லது என்று நினைத்தேன். தட்டி முடித்ததும், "மறுபடியும் அந்த மிஷினுக்குப் பின்னாடியே போ செல்வம்" என்றார்.

"ஏன் சார், குளிப்பாட்டிட்டு மறுபடியும் சேத்துல எறக்குறீங்க?"

"சுத்தமா இருந்தா எவ்வளவு ஏறுது, அடைச்சிருந்தா எவ்வளவு ஏறுது, ரெண்டையும் பாக்கணும்மா. ஒண்ண மட்டும் பாத்துட்டு நான் எதையும் சொல்லமாட்டேன்."

வாய் நல்லாத்தான் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். உச்சி வெயில். இன்ஜினை அணைக்க வேண்டாம் என்றார். காற்றும் இல்லை, நகர்வதும் இல்லை. தொண்ணூற்று நான்கு. செல்வம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையில் வேர்வை ஓடியது. தொண்ணூற்றாறு. பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர், "ஆவி பறக்குதே, இட்லி வெந்துடுச்சாண்ணே?" என்று கேட்டார். ரயில் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் போனது. கேட் தூக்கி வண்டி நகர்ந்து காற்றுப் பட்டதும் எண் இறங்க ஆரம்பித்தது. கொதிக்கவில்லை. கலியமூர்த்தி சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

தண்ணீரில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இனி பெட்ரோலில் கை வைப்பார் என்று கணக்குப் போட்டேன். திருவாரூரைத் தாண்டி வயலுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி இருமியது. இரண்டு தடவை குலுங்கியது. நின்றுவிட்டது.

"பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பாப்போம். எந்திரிங்கம்மா."

"நீங்க தள்ளி நில்லுங்க. நானே தெறக்குறேன்."

பொம்பளை சேலையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். முடிச்சைப் பார்த்தேன். என் முடிச்சுதான். அவிழ்த்து, பாலித்தீனை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியைத் திருகினேன். அவர் வந்து குச்சியை விட்டுப் பார்த்தார். வேண்டிய அளவு இருந்தது. பிறகு இன்ஜின் பக்கம் போய், பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். தடையில்லாமல் கொட்டியது.

"நல்லாத்தானே வருது? அப்புறம் ஏன் நின்னுச்சு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செல்வம் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே கிளம்பியது. அவர்கள் ஏறுவதற்குள் நான் மறுபடியும் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குக் குடவாசல் பக்கம் அவர் வீட்டில்தான் தங்கல். வாசலில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அவர் மனைவி பவானி, ஸ்கூல் டீச்சர், வாய்க்கு வாய் அக்கா போட்டு உபசரித்தாள். விரால் மீன் குழம்பு. எனக்குக் குளத்து மீன் இறங்காது. சேறு வாசனை அடிக்கும். நான் கொண்டுபோன கருவாட்டை எடுத்து வைத்தேன்.

"மூணு தண்ணி ஊத்திக் கழுவினேங்கக்கா. ஒரு துண்டு சாப்டுங்க."

"மீனுக்கு உப்பு பொறப்புலயே இருக்கணும்மா. கொழம்புல போட்டா ஏறாது."

"கேட்டீங்களா? நான் போட்ட உப்பு பத்தலயாம்" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "ஊரு வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாப்பாருக்கா. நம்ம வீட்டு மிக்ஸி ஒரு மாசமா ஓடல."

பாத்திரம் கழுவும்போது இன்னொன்றும் சொன்னாள். அவள் மாமனார் ஒரு பண்ணையில் கூலிக்கு இருந்தவராம். நாற்று நடவு இல்லாத நாளில் பண்ணையாரின் காரைத் துடைக்கிற வேலை. வாழ்நாள் முழுக்கத் துடைத்தார், ஒரு நாளும் அதில் ஏற விடவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் பழைய கார் என்றாலே இந்த மனுஷனுக்கு வயிறு எரியும். எங்கள் காரும் பண்ணை வீட்டுக் கார்தான். அதற்குள் மண்ணைக் கொட்டிப் பார்ப்பதில் இவருக்கு ஒரு சந்தோஷம் இருக்கலாம்.

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் போய் முடிச்சைப் பார்த்தேன். யாரும் தொடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கும்பகோணம் ரோட்டில் ஏறினோம். நேராகவே கேட்டுவிட்டேன். "ஒங்கப்பா தொடச்ச காரு இப்ப எங்க சார் இருக்கு?"

கலியமூர்த்தி வயல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "இரும்புக்கடைக்குப் போயிடுச்சும்மா. பண்ண கைமாறினப்ப நான்தான் ஆள் புடிச்சு ஏத்திவுட்டேன். சின்ன வயசு. கோவம்."

நான் நினைத்தது சரி என்று செல்வத்தின் தொடையில் கிள்ளினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

வண்டி மறுபடியும் நின்றது. அதே கதை. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி நானே திறந்தேன், பெட்ரோல் கொட்டியது, கிளம்பியது. கலியமூர்த்தி இப்போது நிஜமாகவே குழம்பிவிட்டார், அல்லது குழம்பினதுபோல நடித்தார். மலையில் ஏறும்போது இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின் மேலே போய் டேங்க் கீழே போய்விடும், பெட்ரோல் வடியாது, அந்தக் காலத்தில் ரிவர்ஸிலேயே மலை ஏறுவார்களாம். இந்தப் பக்கம் மலைக்கு எங்கே போவது? இருக்கிற மேடு ஆற்றுப் பாலம் ஒன்றுதான். அதனால் கும்பகோணத்துக்கு முன்னால் ஒரு பாலத்தில் செல்வத்தை ஒரு தடவை முன்பக்கமாகவும் ஒரு தடவை பின்பக்கமாகவும் ஏறச் சொன்னார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. பட்டப்பகலில் ஒரு கார் பின்பக்கமாகப் பாலம் ஏறுகிறது, முன் சீட்டில் நான். எதிரில் வந்த டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி ஜன்னலில் தலையை நீட்டினார். கண்டக்டர், "ஆத்தா, வீட்ல எதையாவது மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது.

"ஆமாய்யா, ஒனக்குப் புத்திய எடுத்துட்டு வரச் சொன்னாங்க, மறந்துட்டேன்" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

முன்பக்கமாக ஏறினபோதும் நிற்கவில்லை, பின்பக்கமாக ஏறினபோதும் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டிச் சமதரையில் போய் நின்றது. டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருப்பதால் இருக்கும் என்று சொல்லி பங்க்கில் கழுத்து வரை நிரப்பச் சொன்னார். நிரப்பினோம், அவர்கள் பார்க்காத நேரத்தில் நான் கட்டினேன். அதற்கப்புறம் இன்னும் சீக்கிரமாகவே நின்றது. கும்பகோணத்துக் கடைத்தெரு நெரிசலில் நின்றபோது பின்னால் ஆட்டோக்காரர்கள் அடித்த ஹாரனில் காது அடைத்துவிட்டது. அந்த நெரிசலிலும் தண்ணீர் கொதிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் பெட்டியில் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அங்கேயே தங்கின லாட்ஜ் அறை வாசலில் செல்வம் என்னிடம் எரிந்து விழுந்தான்.

"அவர ஏம்மா மொறச்சுக்கிட்டே வர்ற? அவர் ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்கு வேல."

"அவன்தான்டா எதையோ பண்றான். நான் இல்லன்னா இந்நேரம் ஒன் வண்டி மண்ணு சட்டியாயிருக்கும்."

"நேத்துலேர்ந்து டேங்க் மேலதான் உக்காந்திருக்க. எங்க கைய வச்சாருன்னு காட்டு."

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திறக்கிறவனைப் பிடிக்கலாம். திறக்காமலே நிறுத்துகிறவனை எப்படிப் பிடிப்பது?

மூன்றாம் நாள் காலையில் இட்லிக் கடையில் வைத்துக் கலியமூர்த்தி சொன்னார். குரலில் கோபமில்லை. "அம்மா, இன்னிக்கித் தஞ்சாவூர் போய்ச் சேரணும். தண்ணி விஷயம் பாஸ். இப்படி ஒரு வண்டி இவ்வளவு குளிர்ச்சியா ஓடி நான் பாத்ததில்ல. ஆனா பெட்ரோல் இன்னொரு தடவ நின்னுச்சுன்னா என்னால ஓடும்னு சொல்ல முடியாதும்மா. வெளியூர்க்காரங்கள ஏத்திக்கிட்டு நடு ரோட்ல நின்னா செல்வத்துக்குத்தான் கெட்ட பேரு."

செல்வம் இட்லியைப் பிட்டான், வாயில் வைக்கவில்லை. கட்டு சரியாக இல்லையோ என்று போய், வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாக இறுக்கிக் கட்டினேன்.

பாபநாசம் போனது. வாழைத்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் போனது. இன்ஜின் சத்தத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு போனோம். தஞ்சாவூர் கிட்டே வந்துவிட்டது, வெண்ணாற்றுப் பாலம் கண்ணில் தெரிந்தது, அப்போது இருமியது. செல்வம், "வேண்டாம், வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னான். பாலத்துக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் உருண்டு நின்றது.

கலியமூர்த்தி இறங்கினார். "எந்திரிங்கம்மா, டேங்க்கப் பாக்கணும்."

"மாட்டேன்."

"அம்மா..."

"எந்திரிக்கமாட்டேன். பெட்ரோலு கழுத்து வரைக்கும் ஊத்தினது எனக்குத் தெரியும். நீங்க பண்றதப் பண்ணுங்க. நான் பாக்குறேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இன்ஜின் பக்கம் போய்க் குழாயைக் கழற்றினார். செல்வம் கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்தான். ஒரு சொட்டு வந்தது. நின்றது. இன்னொரு சொட்டு. நின்றது.

"இதுவரைக்கும் இப்படி இல்லயே. ஒவ்வொரு தடவையும் கொட்டுச்சே" என்றார் கலியமூர்த்தி. "ஒவ்வொரு தடவையும் டேங்க்கப் பாத்துட்டுத்தான் இங்க வந்தோம். இன்னிக்கித்தான் தெறக்கல." அவர் தலையைத் தூக்கி நான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார். "அம்மா, தயவுசெஞ்சு எந்திரிங்க. நீங்களே தெறங்க. செல்வம், பாட்டில எடுக்காத."

எழுந்தேன். மெத்தையைத் தூக்கினேன். மூடியின் நடுவில் பாலித்தீன் குழிந்து உள்ளே போயிருந்தது, சப்புகிற குழந்தையின் கன்னம்போல. நரம்பை அவிழ்த்தேன். பாலித்தீன் உயர்ந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம், மூச்சு முட்டினவன் காற்றை இழுப்பதுபோல.

"ம்மா! வருதும்மா! கொட்டுது!" என்று முன்னால் செல்வம் கத்தினான்.

மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகவேண்டுமாம். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காமல் பிடித்துக்கொள்ளுமாம். டேங்க் நிறைய இருந்தால் இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமாம். கரையில் கேனைக் கட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கடலில் போய் அதை அவிழ்த்துவிட்டுத்தான் இன்ஜினில் மாட்டுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் பொம்பளைகள் கடலுக்குப் போவதில்லை.

கலியமூர்த்தி பாலித்தீனையும் நரம்பையும் கையில் வாங்கிப் பார்த்தார். "யார் கட்டினது?"

செல்வம் என்னைப் பார்த்தான். ஊரிலேயே யாராவது கட்டியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு முடிச்சை வேறு எவனும் போட முடியாது.

"நான்தான். நீங்க எதையாச்சும் கலந்துடுவீங்கன்னு."

"மூணு நாளாவா?"

"மூணு நாளாவும்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார். "சுறான்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலித்தீனை என்னிடமே நீட்டினார். "மறுபடியும் கட்டுங்க."

"என்னது?"

"கட்டினா நிக்குதா, கட்டாட்டி ஓடுதா, ரெண்டையும் பாக்கணும். அப்பத்தான் நான் சொல்ல முடியும்."

அவர் கண்ணெதிரிலேயே கட்டினேன். பாலத்தின் மேல் போய், அக்கரையில் திரும்பி, மறுபடியும் வந்தோம். சொல்லி வைத்ததுபோல நின்றது. அவிழ்த்துவிட்டுப் போனோம். போய்க்கொண்டே இருந்தது. பாலத்தைத் தாண்டி, திரும்பி, தாண்டி, திரும்பி, ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும் வரை ஓட்டினான் செல்வம். அதற்குப் பிறகுதான் கலியமூர்த்தி, "ஊருக்குள்ள போ" என்றார்.

ஓட்டல் வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். புல்தரையில் காரை நிறுத்திப் பூச்செடி வைக்க ஒரு இடத்தைச் செங்கல் வைத்துச் சதுரமாகக் கட்டித் தயாராக வைத்திருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. முழுக்க முழுக்க நான் தப்பாக நினைக்கவில்லை, ஆளைத்தான் மாற்றி நினைத்துவிட்டேன்.

"தண்ணி?" என்று கேட்டார் முதலாளி.

"கொதிக்கல சார்."

"பெட்ரோல்? வழியில நிக்கலியே?"

கலியமூர்த்தி பொய் சொல்லவில்லை. "நின்னுச்சு சார். நெறைய தடவ. ஏன் நின்னுச்சுன்னு தெரியும். இனிமே நிக்காது."

"ஏன் நின்னுச்சு?"

அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் எனக்காகச் சும்மா நிற்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. யாரும் எனக்காக அப்படி நிற்க வேண்டியதில்லை.

"நான் டேங்க்க மூடிக் கட்டிவச்சேன். காத்து போகல. வண்டி மேல ஒரு கொறையும் இல்ல. எம்மவன் மேலயும் இல்ல" என்றேன்.

முதலாளி என்னையும் செங்கல் சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்துக்கு வடநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு தம்பதி வெளியே வந்தார்கள். காரைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையைத் தட்டிக்கொண்டு வேகமாக இந்தியில் ஏதோ சொன்னாள். செல்வம் மஸ்கட்டில் கற்றுக்கொண்ட இந்தியில் பதில் சொன்னான்.

"என்னடா சொல்றா?"

"பெரிய கோயிலுக்கு இதுலதான் போவணுமாம். வேற வண்டி வேணாமாம்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாப்பா. ஒழுங்கா வந்து சேர்ந்துச்சுன்னா நாளையிலேர்ந்து நீயே ஓட்டு" என்றார்.

அந்த அம்மாள் என் பக்கம் வந்து மறுபடியும் ஏதோ கேட்டாள். செல்வம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "முன்னாடி உக்காரட்டுமான்னு கேக்குறாங்கம்மா."

நான் இறங்கினேன். இடுப்பில் செருகியிருந்த பாலித்தீன் நழுவி விழுந்தது. எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். செல்வம் கைப்பிடியைச் சுற்றினான். வண்டி வாசலைத் தாண்டி, வலது பக்கம் திரும்பி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் மறைந்துபோனது.

"வாங்கம்மா, ஒங்கள நாகப்பட்டினம் பஸ்ல ஏத்திவுட்டுடறேன். இப்ப ஒண்ணு இருக்கு" என்றார் கலியமூர்த்தி.

"போவட்டும்."

வாசல் தூணில் சாய்ந்து நின்றேன். அவரும் நின்றார். டீ வந்தது, நான் குடிக்கவில்லை. வெயில் தூணைவிட்டு நகர்ந்து என் கால்மேல் விழுந்தது. ஒரு பழைய ஹாரன் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன், அது வேறு ஏதோ வண்டி. கலியமூர்த்தியும் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தெரு முனையில் எங்கள் வண்டியின் நீண்ட மூக்கு தெரிந்தது. தானாகவே வந்தது, யாரும் தள்ளவில்லை. வாசலில் நுழைந்து எங்கள் முன்னால் நின்றது. செல்வம் இன்ஜினை அணைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கிட்டே போய் ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடுதான், கொதி இல்லை.

அதற்குப் பிறகுதான் கலியமூர்த்தியிடம் அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன்.